நடுவில் விழுந்த பூ

எங்கள் எடை மேடையில் பூஜ்ஜியம் ஒருநாளும் நிலையாக நின்றதில்லை. மேடைமேல் ஒன்றும் இருக்காது, ஒரு நாய்கூடப் படுத்திருக்காது. ஆனாலும் அறைக்குள் இருக்கும் பெட்டியில் சிவப்பு எண் பூஜ்ஜியம், பத்து, பூஜ்ஜியம், மைனஸ் பத்து என்று தானாகத் தடுமாறிக்கொண்டிருக்கும். கூப்பிடு தூரத்தில் நெடுஞ்சாலை. சேலத்துக்கும் பெங்களூருக்கும் நடுவே இரும்பும் கல்லும் தக்காளியும் கோழியும் ஓயாமல் ஓடுகின்றன. அவற்றில் எது எங்கள் பூஜ்ஜியத்தைத் தொட்டுவிட்டுப் போகிறது, எது காற்று, எது மேடைக்கு அடியில் தேங்கிய மழைத்தண்ணீர், எது எலி என்று எனக்குத் தெரியாது. மெக்கானிக் வந்து குனிந்து பார்த்துவிட்டு, "இது அப்படித்தாங்க இருக்கும், பாக்காம இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பார்க்காமல் இருப்பது எப்படி என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

அதியமான்கோட்டையை ஒட்டிச் சாலையோரம் இருக்கிற இந்த எடை மேடைதான் என் பிழைப்பு. லாரி ஏறும், டிரைவர் இறங்குவார், எடை போட்டுச் சீட்டுக் கொடுப்பேன். இரண்டு லாரிகளுக்கு நடுவே எழுதுவேன். கவிதை என்றும் சொல்ல முடியாது, கட்டுரை என்றும் சொல்ல முடியாது. வரி உடையாமல் ஓடுகிற ஏதோ ஒன்று. என் தங்கை அதைப் படித்துவிட்டு, "ண்ணா, என்ன சொல்றன்னு தெரியல, ஆனா ஏதோ ஆடுது" என்பாள். ஆடுவதைப் பார்ப்பதுதான் அவளுக்குத் தொழில்.

அவள் ஈர்ப்பலைகளை ஆராய்கிறவள். எங்கோ கணக்கில்லாத தூரத்தில் இரண்டு கருந்துளைகள் ஒன்றை ஒன்று சுற்றிச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்று விழும்போது அண்டவெளியே நடுங்குகிறதாம். அந்த நடுக்கம் கோடிக்கணக்கான வருடங்கள் நடந்து வந்து நம்மைக் கடந்து போகிறது. போகும்போது என்னையும் உங்களையும் இந்த மேடையையும் அதன் மேல் நிற்கிற லாரியையும் ஒரு பக்கம் இழுத்து, மறுபக்கம் ஒடுக்கி, விட்டுவிடுகிறது. அணுவின் கருவைவிடச் சின்ன இழுப்பு. அதைப் பிடிக்க மைல் நீளத்துக்குக் கை நீட்டிய கருவிகள் இருக்கின்றன. இதுவரை எனக்குப் புரிந்தது. புரிந்த மாதிரி இருந்தது.

ஆனால் அவள் வேலை அலையைப் பிடிப்பதோடு முடியவில்லை. ஈர்ப்பைப் பற்றி உலகம் ஒப்புக்கொண்ட கோட்பாடு ஒன்று இருக்கிறது. நூறு வருடமாக வைத்த தேர்வில் எல்லாம் தேறிவிட்டது. அது தப்பாக இருந்தால் என்ன ஆகும், அதற்குப் பதிலாக வேறொன்று உண்மையாக இருந்தால் அந்த அலை எப்படி வேறு மாதிரி வந்து சேரும் என்று கேட்பது அவள் வேலை. மாற்றுக் கோட்பாடுகள். எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, இதைக் கேட்டுவிட்டு, "பாஸாவறவன் பேப்பரையே திரும்பத் திரும்பத் திருத்தறதுக்கு ஒரு உத்தியோகமா? நல்லா இருக்குதே" என்றார். தங்கை சிரித்தாள். "ஆமாங்க மாமா. என்னிக்காச்சும் ஒரு மார்க்கு கொறையும்னுதான்."

போன மாங்காய் சீசனில் அவள் வீட்டுக்கு வந்தபோது கையில் இரண்டு அழைப்புகள் இருந்தன. ஒன்று, குளிர் தேசம் ஒன்றில் இரண்டு வருட ஆராய்ச்சி வேலை. அதே அலை, அதே தேடல். இன்னொன்று, எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் நிரந்தர வாத்தியார் வேலை. இரண்டுக்கும் திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டாள். இந்த முறை விட்டால் ஆராய்ச்சியில் மறுபடி நுழைய வழி கிடையாது என்று அவளே சொன்னாள். இந்த முறை போனால் அந்தக் காலேஜ் வேலை காத்திருக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. தேடுவதா, நிறுத்துவதா. அந்த வாரம் முழுக்க வீட்டில் இது ஒன்றுதான் பேச்சு.

வீட்டில் பேச முடியாதபோது அவள் எடை மேடைக்கு வந்துவிடுவாள். என் நாற்காலியில் உட்கார்ந்து, தடுமாறுகிற பூஜ்ஜியத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"உன்னுது எந்தக் கோட்பாடு, அதச் சொல்லு" என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் ஒழுங்காகக் கேட்டதே இல்லை.

"என்னுது செத்துப்போச்சுண்ணா."

செத்த கதையை அவள் சொன்னாள். பிரபஞ்சம் ஏன் இவ்வளவு வேகமாக விரிகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஈர்ப்பையே கொஞ்சம் மாற்றி எழுதினால் அது புரியலாம் என்று ஒரு கூட்டம் நினைத்தது. அவளும் அதில் ஒருத்தி. அப்படி மாற்றி எழுதினால் பல கணக்குகளில் ஈர்ப்பலையின் வேகமும் ஒளியின் வேகமும் ஒன்றாக இருக்காது. இருக்க வேண்டியதும் இல்லை என்று நம்பிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். பிறகு ஒருநாள், செத்துச் சுருங்கிய இரண்டு விண்மீன்கள் மோதிக்கொண்ட சேதி வந்தது. அலை முதலில் வந்தது. ஒளி அதன் பின்னாலேயே, இரண்டு மூச்சு விடுகிற நேரத்துக்குள் வந்துவிட்டது. அவ்வளவு தூரம், அவ்வளவு காலம், இரண்டும் ஒன்றாகவே நடந்து வந்திருக்கின்றன.

"நான் மெஸ்ஸுல தோசை சாப்பிட்டுக்கிட்டு இருந்தன். போன்ல பாத்தன். அந்தத் தோசைய முடிக்கறதுக்குள்ள என் நாலு வருசம் முடிஞ்சுபோச்சு."

"அழுதியா?"

"இன்னொரு தோசை வாங்கிச் சாப்பிட்டன். என்ன பண்றதுன்னு தெரியல."

அவள் தவறு செய்யவில்லை. கணக்கு சரி. உலகம் மட்டும் அந்தக் கணக்கில் இல்லை. இது எனக்கு விளங்கவே இல்லை. தப்பே செய்யாமல் ஒரு ஆள் எப்படித் தோற்றுப் போவது? லாரி மேடையில் இருக்கிறது, எடை காட்டுகிறது, சீட்டும் அடித்தாயிற்று, பிறகு லாரியே இல்லை என்றால்?

"இப்ப என்ன தேடற, அப்புறம்?"

அவள் என் தோளிலிருந்த துண்டை உருவி, முறுக்கி, தலையில் கூடை வைக்கும்போது போடுகிற சும்மாடு மாதிரி வட்டமாகச் சுற்றி மேசைமேல் வைத்தாள். இரண்டு பக்கத்தையும் விரலால் அழுத்தினாள். வட்டம் நீண்டு முட்டையானது. விட்டாள். மேலும் கீழும் அழுத்தினாள். இப்போது குறுக்கே நீண்டது.

"இது ஒரு வகை. இதையே கோணலாப் பண்ணினா இன்னொரு வகை. அவ்ளோதான். ஒப்புக்கிட்ட கோட்பாட்டுல அலை இந்த ரெண்டு விதமாத்தான் ஆட்டும். மூனாவது கெடையாது."

"மாற்றுக் கோட்பாட்டுல?"

அவள் சும்மாட்டுக்குள் ஐந்து விரல்களையும் குவித்து விட்டு, மெதுவாக விரித்தாள். வட்டம் வட்டமாகவே பெரிதானது. மறுபடி சிறிதானது. ஏதோ மூச்சு விடுவது போல இருந்தது.

"இது மூனாவது. ப்ரீத்திங் மோடு. இன்னும் நாலாவது, அஞ்சாவது, ஆறாவதுகூட இருக்கலாம். அலை போற திசையிலயே இழுக்கறது, அப்படி. ஒரே ஒரு தடவ, சுத்தமா, மூனாவது வகை ஒன்னு வந்துச்சுன்னா போதும்ண்ணா. நூறு வருசப் பேப்பர்ல ஒரு மார்க்கு கொறஞ்சிரும்."

"வந்துச்சா?"

"இல்ல."

"வருமா?"

"தெரியாது. வந்தாலும் கருவிக்குச் சரியாத் தெரியாது. கருவிக்கு ரெண்டு கை, எல் எழுத்து மாதிரி. எந்தக் கை நீளுது, எந்தக் கை சுருங்குதுன்னு வித்தியாசத்தத்தான் அது பாக்கும். மூச்சு வகை நேரா தலைக்கு மேலருந்து வந்தா ரெண்டு கையும் ஒரே அளவு நீளும். வித்தியாசமே இருக்காது. உள்ள நடந்தது உள்ளயே போயிரும்."

நான் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்துபோன ஒன்று, எல்லாவற்றையும் சமமாகத் தொட்டதனாலேயே யாருக்கும் தெரியாமல் போகுமா? இதை எழுதலாமா என்று யோசித்தேன். யோசிப்பதற்குள் மேடையில் லாரி ஏறிவிட்டது. ஓசூர் பக்கத்து டிரைவர், தக்காளி லோடு. இறங்கி வந்து கண்ணாடி ஓட்டைக்குள் தலையை விட்டு, "எஷ்டு சார்?" என்று கன்னடத்தில் கேட்டார். எடையைச் சொன்னேன். மேசைமேல் கிடந்த சும்மாட்டையும் அதற்குள் இருந்த தங்கையின் விரல்களையும் பார்த்துவிட்டு, "ஏனு சார், மேடம் மந்திரிக்கறாங்களா?" என்று தமிழுக்கு வந்தார்.

"ஆமாங்க" என்றாள் தங்கை. "ஆனா இன்னும் பலிக்கல."

அன்று மதியம் சாப்பாட்டில் அம்மா முடிவுக்கு வந்தாள். "எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியல. உங்கண்ணனுக்கு ஒன்னுமே தெரியாது. தெரிஞ்சவகிட்ட கேட்டுருவோம். வெள்ளிக்கெழம பூ கேக்கலாம்."

பூ கேட்பது எங்கள் வீட்டில் புதிதல்ல. கிணறு வெட்டக் கேட்டிருக்கிறோம், பெண் எடுக்கக் கேட்டிருக்கிறோம், என் கல்யாணத்துக்கே கேட்டார்கள். அம்மன் தலை உச்சியில் ஈரப்பூ ஒன்றை வைத்துவிட்டுக் கேள்வியைச் சொல்ல வேண்டும். வலப்பக்கம் விழுந்தால் சரி, இடப்பக்கம் விழுந்தால் வேண்டாம். ஒரு முறை கேட்டுவிட்டால் அடுத்த அமாவாசை வரை அதே கேள்வியைத் திரும்பக் கேட்கக் கூடாது. தங்கை இதை மறுப்பாள் என்று சோற்றைப் பிசையாமல் காத்திருந்தேன். அவள் ரசம் ஊற்றிக்கொண்டு, "சரிம்மா, கேளு" என்றாள்.

அப்பாவும் அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் இந்த வாரம் முழுக்க இந்தப் பேச்சில் வாயே திறக்கவில்லை. எப்போதுமே அவர் வாய் திறப்பது குறைவு. கையைக் கழுவிக்கொண்டு தக்காளித் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

வெளியே வந்ததும் தங்கையைப் பிடித்துக்கொண்டேன். "நீ படிச்ச படிப்புக்குப் பூவ நம்பறியா?"

"நம்பறன்னு யாரு சொன்னா?"

"அப்புறம்?"

"நம்பலன்னும் சொல்லலியே. யாராச்சும் சொல்லட்டும்ண்ணா. வலதுன்னோ எடதுன்னோ. நானே சொல்லிச் சொல்லிச் சலிச்சுப்போச்சு."

எனக்கு அது பயமாக இருந்தது. உலகத்தையே தப்பா சரியா என்று கேட்கிறவள் ஒரு அரளிப்பூவிடம் போய் நிற்பது பயமாக இருந்ததா, அல்லது பூ வலப்பக்கம் விழுந்துவிடுமோ என்பது பயமாக இருந்ததா, பிரித்துப் பார்க்க முடியவில்லை.

எங்கள் அம்மன் கோவில் ஊருக்கு வெளியே இருந்தது. சாலையை அகலப்படுத்தியபோது சாலை அதன் வாசலுக்கே வந்துவிட்டது. சுற்றுச்சுவர் போயிற்று, வேப்பமரம் போயிற்று, இப்போது சர்வீஸ் ரோட்டைப் பார்த்தபடி அம்மன் உட்கார்ந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை காலை அம்மா, மாமா, தங்கை, நான் என நான்கு பேர் போனோம். அப்பா வரவில்லை. பாலக்கோட்டு மண்டிக்குத் தக்காளி ஏற்றிக்கொண்டு போயிருந்தார்.

பூசாரி அபிஷேகம் முடித்துச் சிவப்பு அரளி ஒன்றைத் தண்ணீரில் நனைத்தார். தங்கை, "ஒரு நிமிசங்க" என்றாள். "அம்மனுக்கு வலமா, நமக்கு வலமா?"

"பாத்தியாக்கா?" என்றார் மாமா அம்மாவிடம். "எடது கை வலது கை தெரியறதுக்குத்தான் இத்தன வருசம் படிச்சிருக்குது."

"இல்லீங்க மாமா, உழறதுக்கு முன்னாடியே பேசி முடிச்சிரணும். உழுந்தப்புறம் பேசினா அவங்கவங்க இஷ்டத்துக்கு மாத்திக்குவோம்."

"ஆத்தாளுக்கு வலதுங்க" என்றார் பூசாரி. "நமக்கு எடது."

"உழாமயே இருந்துட்டா?"

"கேள்வி சரியில்லன்னு அர்த்தம்."

தங்கை தலையாட்டினாள். அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

பூசாரி பூவை உச்சியில் வைத்துவிட்டு ஒதுங்கினார். அம்மா கையைக் குவித்துக்கொண்டு சத்தமாகவே கேட்டாள். "எம்புள்ள கடல் தாண்டிப் போய் அந்தத் தேடற வேலையப் பாக்கலாமா, இல்ல இங்கயே இருந்துக்கறதா? போலாம்னா வலது குடு. வேணாம்னா எடது குடு தாயே."

கல்லில் தண்ணீர் வழிகிற சத்தம். அம்மனின் கண்ணிமைக்குக் கீழே ஒரு துளி நின்று நின்று இறங்கியது. பூவின் ஒரு இதழ் மெல்லப் பிரிந்து சாய்ந்தது. நமக்கு வலப்பக்கம், அம்மனுக்கு இடப்பக்கம். வேண்டாம் என்கிற பக்கம். நான் தங்கை முகத்தைப் பார்த்தேன். அதில் ஏதாவது தெரியும், பயமோ நிம்மதியோ ஒன்று தெரியும், அதைப் பார்த்தே அவள் மனதைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. பூவைப் பார்க்கிற முகம், அவ்வளவுதான். இதழ் சாய்ந்தபடியே நின்றுவிட்டது.

அப்போது சேலம் பக்கமிருந்து ஒரு லாரி வந்தது. பெரிய சாலையில் வராமல் சர்வீஸ் ரோட்டில் வந்தது. முதலில் காலில் தெரிந்தது, பிறகு காதில். விளக்குச் சுடர் குனிந்தது. தொங்குமணியின் நாக்கு அடிக்காமல் நடுங்கியது. லாரி கோவிலைத் தாண்டிய அந்தக் கணம் பூ உச்சியிலிருந்து நழுவி, வலமும் போகாமல் இடமும் போகாமல் நெற்றி வழியே நேராக இறங்கி, மூக்குத்திமேல் பட்டு, காலடியில் நடுவாக விழுந்தது.

கொஞ்ச நேரம் எல்லோரும் பூவையே பார்த்தோம்.

"என்னங்க இது?" என்றாள் அம்மா.

பூசாரி தலையைச் சொறிந்தார். "நடுவுல உழுந்துருச்சுங்க. எங்கப்பா காலத்துல ஒருக்கா இப்படி ஆச்சுன்னு சொல்வாருங்க."

"என்ன அர்த்தமாம்?"

"அது சொல்லலீங்க."

"லாரி போச்சுல்ல, அதான் உழுந்துச்சு" என்றார் மாமா.

அம்மா திரும்பினாள். "லாரி தெனந்தான் போவுது. தெனமும் நடுவுலயா உழுவுது?"

"ஆத்தா வலது குடுக்கலாம்னு பாத்திருப்பா, லாரிக்காரன் கெடுத்துட்டான்."

"எடது பக்கந்தான் சாஞ்சுது, நான் பாத்தன்" என்றாள் அம்மா.

"சாஞ்சா போதுமா, உழுவணும்ல? ரெண்டு பக்கமும் இல்லாம நடுவுல உழுந்தா, ரெண்டும் வேணாம், காலாகாலத்துல கல்யாணத்தப் பண்ணுன்னு அர்த்தம்."

"மாமா, அந்த வகை எந்தக் கோட்பாட்டுலயும் இல்லீங்க" என்றாள் தங்கை. அப்போதுதான் அவள் குரல் லேசாக உடைந்திருந்ததைக் கவனித்தேன்.

அம்மா அவளைப் பிடித்துக்கொண்டாள். "நீ சொல்லு. நீதான படிச்சவ. இது ஆத்தா குடுத்ததா, லாரி குடுத்ததா?"

தங்கை குனிந்து பூவைத் தொடாமல் பார்த்தாள். "தெரியாதும்மா. எங்க வேலையில லாரி போன நேரத்துல வந்த சேதிய எடுத்துக்க மாட்டோம். தள்ளி வெச்சிருவோம்."

"ஆத்தா சொன்னதத் தள்ளி வெப்பியா?"

"பொய்யின்னு சொல்லலம்மா. நம்பறதுக்கு ஒரு எடம் பத்தாது. வேற எடத்துலயும் அதே நேரத்துல உழுந்திருக்கணும். லாரி ஒரே நேரத்துல ரெண்டு ஊர்ல போவாதுல்ல?"

அம்மா பூவை எடுத்து ஒரு வெற்றிலையில் மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "தள்ளி வெக்கறவங்க வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

வீடு வரை தங்கை என்னோடு வந்தாள். "எனக்குச் சிரிப்பா வருதுண்ணா. மூனாவது வகை ஒன்னு வருமான்னு இத்தன வருசமாப் பாத்துக்கிட்டு இருக்கறன். கண்ணு முன்னாடி ஒன்னு வந்துச்சு. அதுலயும் லாரி."

எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அது ஏன் சிரிப்பு என்று தெரியாமல் நின்றுவிட்டது. அந்தப் பூ உண்மையில் என்ன சொன்னது? சொல்லத்தான் செய்ததா? அவள் தள்ளி வைத்ததாலேயே அது சொல்லாததாக ஆகிவிடுமா? நான் எதைத் தள்ளி வைக்கிறேன், எதை முடிந்துகொள்கிறேன்? நெடுஞ்சாலையில் லாரிகள் வந்துகொண்டே இருந்தன.

தங்கை ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் எடை மேடைக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை லாரி குறைவு. பூஜ்ஜியம் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"நீ என்ன நெனைக்கற?" என்று கேட்டாள். "எழுதற மாதிரி சொல்லாத. சும்மா சொல்லு."

நீ போனால் என் பக்கங்களை யார் படிப்பார்கள் என்று தோன்றியது. அம்மாவின் முட்டிவலி தோன்றியது. குளிர் தேசத்தில் தோசைக் கல் முன் ஒற்றையாக நிற்கும் தங்கை தோன்றினாள். கடைசியில், "நீ இங்கயே இருந்தா நல்லா இருக்கும்" என்றேன். "அன்னிக்குப் பூ சாஞ்சப்ப, உழட்டும்னுதான் நெனச்சன்."

"தெரியும்."

"எப்படி?"

"நீயும் அம்மாவும் ஒரே பக்கம் பாத்து நிக்கற கருவிங்க. அமெரிக்காவுல ரெண்டு கருவி இருக்குது, ஏறக்கொறைய ஒரே சாய்வுல வெச்சிருக்காங்க. சேதி வந்துச்சான்னு ஒன்னுக்கொன்னு சாட்சி சொல்லும். ஆனா என்ன வகைன்னு சொல்லத் தெரியாது. ரெண்டும் ஒரே மாதிரி கேக்குது பாரு. வகை தெரியணும்னா வேற சாய்வுல மூனாவது ஒன்னு வேணும்."

"மாமா?"

"மாமா லாரி."

இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்குப் பதில் சொல்லணும்ண்ணா. எனக்கு இப்பவும் தெரியல. அந்த மூனாவது வகை இல்லவே இல்லன்னு வெச்சுக்க. இருக்கறதுல பாதி ஆயுச அதுக்குக் குடுத்துட்டு, இல்லன்னு சொல்ல ஒருத்தி வேணுமா?"

"இல்லன்னு தெரிஞ்சுக்கறதுக்கும் யாராச்சும் பாக்கணும்ல?" என்றேன். சொன்ன பிறகுதான் அது என் கட்சிக்கு எதிரான பேச்சு என்று உறைத்தது. ஏன் சொன்னேன் என்று இப்போதும் தெரியாது.

வெளியே ஜல்லிக்கல்மேல் ஏதோ உருண்டு வருகிற சத்தம். லாரி இல்லை, சின்னச் சத்தம். எட்டிப் பார்த்தேன். அப்பா. பஸ் நிறுத்தத்திலிருந்து தங்கையின் பெரிய நீலப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அவள் வந்த அன்று ஒரு சக்கரம் உடைந்துபோய்த் திண்டாடித் தூக்கி வந்த பெட்டி.

"பாப்பாரப்பட்டில ஒருத்தன் போடறான்னு சொன்னாங்க" என்றார் அப்பா. "வெள்ளிக்கெழமயே மண்டிக்குப் போறப்ப குடுத்தன். இந்தச் சக்கரம் இருக்கறதுலயே கெட்டி. இழுத்துப் பாரு."

தங்கை எழுந்து நின்றாள். "எதுக்குப்பா?"

"எதுக்குன்னா? போறப்ப தூக்கிக்கிட்டா போவ?"

"போறன்னு நான் இன்னும் சொல்லலியே. நேத்து முந்தாநாளு பூவெல்லாம் கேட்டோமே."

"கேட்டீங்க. அம்மா சொன்னா." அப்பா தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உன் வேல அங்க இருக்குது. அதுல கேக்கறதுக்கு என்ன இருக்குது?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார். "அந்த லாரி லோடா, காலியா?"

"எதுப்பா?"

"பூ உழுந்தப்ப போச்சே, அது."

எனக்குத் தெரியவில்லை. நாளெல்லாம் லாரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன். அது லோடு வண்டியா காலி வண்டியா என்று கவனிக்கவில்லை. தங்கையைப் பார்த்தேன். அவளுக்கும் தெரியவில்லை. அவள் முதலில் சிரித்தாள். பிறகு பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொள்கிற அளவுக்கு அழுதாள்.

அழுது முடித்துப் பெட்டியை இழுத்துப் பார்த்தாள். மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, திரும்ப இந்தக் கோடி வரை. சக்கரம் நன்றாகவே ஓடியது. அறைக்குள் சிவப்பு எண் அறுபது, எழுபது, அறுபது என்று ஆடியது. அவள் இறங்கிக்கொண்டு பெட்டியை மட்டும் மேடைமேல் விட்டாள். மறுபடி பூஜ்ஜியம், பத்து, பூஜ்ஜியம். காலிப் பெட்டி. எங்கள் மேடைக்கு அவ்வளவு சின்னது தெரியாது.

அன்று சாயங்காலம் அவள் குளிர் தேசத்துக்கு வருகிறேன் என்று எழுதினாள். காலேஜுக்கு மன்னிக்கச் சொல்லி எழுதினாள். எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தாளா என்று கேட்டால், இல்லை. இரண்டையும் அனுப்பிய பிறகும் போனைக் கவிழ்த்து வைத்து, திருப்பிப் பார்த்து, கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

கிளம்புகிற அன்று அம்மா வெற்றிலையோடு அந்தப் பூவைப் பெட்டியில் வைக்கப் பார்த்தாள். செடி கொடி எதையும் அங்கே விட மாட்டார்கள் என்று தங்கை சொன்னாள். அம்மாவுக்கு வருத்தம். பூவைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"அப்ப ஒன்னு பண்ணு" என்றாள். "அங்க பெரிய பெரிய ஆளுங்கெல்லாம் இருப்பாங்கல்ல. நடுவுல உழுந்தா என்னான்னு அவங்களக் கேட்டுச் சொல்லு."

தங்கை குனிந்து அம்மாவின் கையை முகத்தில் வைத்துக்கொண்டாள். "அதத்தாம்மா கேக்கப் போறன்."

இப்போது ஞாயிறுதோறும் கூப்பிடுகிறாள். அங்கே பனி. ஜப்பானிலும் ஒரு கருவி இருக்கிறது, இத்தாலியில் ஒன்று இருக்கிறது, நம் நாட்டிலும் ஒன்று கட்டப் போகிறார்கள், சாய்வுகள் கூடக் கூட வகைகள் தெளியும் என்கிறாள். "வந்துச்சா?" என்று அம்மா பக்கத்திலிருந்து கேட்பாள். "இன்னும் ரெண்டே வகைதாம்மா" என்பாள் அவள். குரலில் சோர்வா, சிரிப்பா, தெரியாது. அப்பா போனை வாங்கி, சக்கரம் எப்படி ஓடுகிறது என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அந்தப் பூவை அம்மா என்னிடம் கொடுத்துவிட்டாள். எடைப்பெட்டியின் மேல் வைத்திருக்கிறேன். காய்ந்து, கறுத்து, ஒரு பழைய மிளகாய் போல இருக்கிறது. சாலையில் லாரி வரும்போது முதலில் காலில் தெரிகிறது, பிறகு காதில். பூஜ்ஜியம் பத்தாகிறது, மைனஸ் பத்தாகிறது. லோடா, காலியா என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பார்க்கிறேன். சில நேரம் லோடு என்று தோன்றும், சில நேரம் காலி என்று தோன்றும். சரிபார்க்கலாம் என்றால் அந்த லாரிகள் என் மேடையில் ஏறுவதில்லை. நேராகப் போய்விடுகின்றன.